மழை படாத வண்டி

— கையை எடுங்க மிஸ்டர். முதல்ல கையை எடுங்க. பெயிண்ட் மேல விரல் படக்கூடாது.

— சாரி சார். பாத்ததும் தானாக் கை போயிடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க.

— கண்ணாடியில தூசு ஒட்டும். இவன் மேல ஒட்டாது. ஜெர்மன்காரன் அடிச்ச பெயிண்ட், இன்னி வரைக்கும் ஒரு இடத்துல மறுபூச்சு கிடையாது. அது போகட்டும், உங்களை யாரு உள்ள விட்டது? ஷெட்டு பூட்டியிருந்ததே?

— நான்தாங்க தொறந்து விட்டேன். நீங்க வரச் சொன்ன கார் புரோக்கர்தான் இவரு.

— நான் வரச் சொன்னேனா?

— என்னங்க இது? நேத்து சாப்பிட்டுட்டுக் கை கழுவறப்ப சொன்னீங்களே. "அந்தப் பழைய கார் வாங்கற ஆளைக் கூப்பிடு, குடுத்துத் தொலைச்சிடலாம்"னு. இந்தாங்க, துண்டுகூட நான்தானே நீட்டினேன். மறந்துட்டீங்களா?

— மறக்கறதா? நானா? நான் கட்டின ஒவ்வொரு பாலத்துக்கும் தூண் எத்தனைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொன்னேன். ஆமா, சொன்னேன்தான். வந்து பாக்கட்டும்னு சொன்னேன். குடுக்கறேன்னா சொன்னேன்?

— குடுத்துடலாம்னுதான் சொன்னீங்க. பாவம், தம்பி அதை நம்பித்தான் வந்திருக்கார்.

— சார், ஒண்ணும் கட்டாயம் இல்ல. நான் சொல்லல, எனக்கு ஞாபகமே இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். வந்த வழியே கிளம்பிடறேன்.

— ஞாபகம் இல்லன்னு யாரு மிஸ்டர் சொன்னது? எனக்கா ஞாபகம் இல்ல?

— அவரு அப்படிச் சொல்லலைங்க. நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னா நாளைக்குக் காலையில டாக்டர்கிட்டப் போவோம், அவ்வளவுதான். அன்னிக்கு மூணு படத்தைக் காட்டி, பேசிட்டே இருந்துட்டு மறுபடி என்னென்ன படம்னு கேட்டாரே, அந்த டாக்டர். அடுத்த தடவையும் சொல்லலைன்னா ஹோம்ல சேத்துடுங்கன்னு சொன்னாரே, அவர்தான்.

— அந்த ஆளு முட்டாள். ஒண்ணாங்கிளாஸ் பையன்கிட்டக் கேக்கறதையெல்லாம் என்கிட்டக் கேட்டான். நான் வேணும்னுதான் பதில் சொல்லல.

— அதானே. அப்ப நேத்து சொன்னது ஞாபகம் இருக்குதானே?

— இருக்கு. இருக்குங்கறேன்ல! பாருங்க மிஸ்டர், வந்தது வந்துட்டீங்க. பாருங்க. ஆனா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாருங்க.

— ரொம்ப நன்றி சார். அடிப்பக்கம் டார்ச் அடிச்சுக்கட்டுமா?

— அடிங்க. படுத்தே பாருங்க. ஒரு சொட்டு ஆயில் தெரியுதா? துரு தெரியுதா? வெல்டு வச்ச தழும்பு தெரியுதா?

— எதுவும் இல்ல சார். தரை கூட சுத்தமா இருக்கு. எங்க லைன்ல எல்லாரும் சொல்வாங்க, பழைய வண்டியைக் கல்யாணப் பொண்ணு மாதிரி மேல பாக்காதே, கீழ பாருன்னு. இதுல மேலயும் கீழயும் ஒண்ணாத்தான் இருக்கு.

— ரெண்டு கதவு, பின்னாடி எஞ்சின், முன்னாடி டிக்கி. ரேடியேட்டரே கிடையாது, காத்துலயே ஆறிக்கும். இப்ப வர்றதெல்லாம் கம்ப்யூட்டருக்கு நாலு சக்கரம் மாட்டி விட்டது. இவன் அப்படி இல்ல. காலை வச்சா காலோட பேசுவான். கதவைச் சாத்தறேன், சத்தத்தைக் கேளுங்க.

— ஆகா.

— கேட்டீங்களா? "டிக்"! துப்பாக்கியில குண்டு போட்ட மாதிரி. என் பையன் குரல் மாறவே இல்ல.

— பையன்னு சொல்றாரேன்னு பாக்காதீங்க தம்பி. எங்க வீட்ல மிச்சம் இருக்கற ஒரே வாரிசு இதுதான். கப்பல்ல வந்து இறங்கின அன்னிக்கு, துறைமுகத்துல காத்துக் கிடந்து அழைச்சிட்டு வந்தார். நான் பிரசவத்துக்குப் போனப்ப வரலை, அது வேற விஷயம்.

— அன்னிக்கு எனக்கு வேலை இருந்தது.

— ஆமாங்க. வேலை இருந்தது.

— சார், முன்னாடி டிக்கியைக் கொஞ்சம் பாத்துக்கறேன். இதோ, உள்ள இந்தப் பிடியை இழுத்துட்டு... மேல இடது கையால இப்படி ஒரு அமுக்கு அமுக்கிட்டு... வந்துடுச்சு. ஸ்டெப்னி புதுசாவே இருக்கே!

— நில்லுங்க.

— சார்?

— இடது கையால அமுக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?

— அது... பொதுவா இந்த மாடல்ல...

— இந்த மாடல்ல அப்படிக் கிடையாது. என் வண்டியில மட்டும்தான் அந்தக் கொக்கி மக்கர் பண்ணும். பிடியை இழுத்ததும் தூக்கினா வராது, முதல்ல அமுக்கணும். நானே பல நாள் தடவித்தான் கண்டுபிடிச்சேன். மெக்கானிக்குக்கே தெரியாது. மிஸ்டர், நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?

— வந்து... சார்...

— வந்திருந்தா உங்களுக்கு ஞாபகம் இருக்காதாங்க? சொல்லுங்க. இவர் முகத்தை நல்லாப் பாத்துச் சொல்லுங்க. முன்னாடி பாத்திருக்கீங்களா?

— இல்ல. பாத்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? வந்ததில்ல. இப்பத்தான் முதல் தடவை.

— அதானே. தம்பி விரல் பழக்கமா இருக்கும். தினம் எத்தனையோ வண்டியைத் தொறக்கறவர்.

— ஆமா மேடம். விரல் பழக்கம்தான்.

— சரி, விஷயத்துக்கு வாங்க மிஸ்டர். எவ்வளவு குடுப்பீங்க? கேட்டு வைக்கறேன், அவ்வளவுதான்.

— வண்டி நல்லாருக்கு சார். அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாருங்க, இந்தச் சந்தனக் கலரு இருக்கே, இதை இப்ப யாரும் சீண்டறதில்ல. வாங்கறவன் எல்லாம் சின்னப் பசங்க. சிவப்பு கேப்பான், மஞ்சள் கேப்பான். நான் எடுத்தா முதல் வேலையா வேற பெயிண்ட் அடிக்கணும்.

— என்னது? பெயிண்ட்டா?

— அப்புறம் சீட்டு. தோல் ஒரிஜினல்தான், ஆனா வெடிக்க ஆரம்பிச்சா அசிங்கமா இருக்கும். உருவிட்டு ரெக்சின் போட்டுடலாம்.

— ரெக்சினா! இவ என்ன ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கா? மிஸ்டர், இந்த வண்டியோட மதிப்பே எதையும் மாத்தாம இருக்கறதுலதான் இருக்கு. உலகத்துல எத்தனையோ பேர் பெயிண்ட் அடிச்சு, சீட்டு மாத்தி பளபளன்னு வச்சிருப்பாங்க. பிறந்த மாதிரியே வச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான். உங்களுக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?

— தொழில் தெரிஞ்சதாலதான் சொல்றேன் சார். இதை ரசிச்சு வாங்கறவங்க வருவாங்கன்னு காத்துட்டிருந்தா என் கடை வாடகையை யாரு கட்டுவா? நான் இதைப் போட்டோ எடுக்க வாடகைக்கு விடப் போறேன்.

— என்ன போட்டோ?

— கல்யாண ஜோடிங்க சார். பொண்ணை பானெட் மேல உக்கார வச்சு, மாப்பிள்ளை பக்கத்துல சாஞ்சு நின்னு. சில பேரு கூரை மேலயே ஏறி நிப்பாங்க. கடற்கரைக்குக் கொண்டு போகச் சொல்வாங்க. மணல்ல இறக்கி எடுத்தா படம் அருமையா வரும்.

— உப்புக் காத்துல... மணல்லயா...

— தம்பி, நிறுத்தறது எங்க நிறுத்துவீங்க? அதையும் சொல்லிடுங்க. அவருக்கு அதான் கவலை.

— வெளியதான் மேடம். கடைக்கு முன்னாடி வெட்டவெளியில. போறவங்க வர்றவங்க பாக்கணும்ல.

— மழை வந்தா?

— நனைய வேண்டியதுதான். வண்டின்னா நனையத்தானே செய்யும்.

— விக்கறதுக்கு இல்ல. கிளம்புங்க. இந்த வண்டி மேல இன்னி வரைக்கும் ஒரு சொட்டு மழை பட்டதில்ல, தெரியுமா உங்களுக்கு? ஒரு சொட்டு! வானத்தைப் பாத்துட்டுத்தான் வெளிய எடுப்பேன். வழியில மேகம் கூடினா ஏதாவது போர்டிகோவுல நிறுத்திட்டு, வெயில் வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன். அப்படி வளத்த பையனை வெட்டவெளியில விடறதா?

— ஒரு சொட்டும் பட்டதில்லையா சார்? இத்தனை வருஷத்துல?

— அதுக்கு நான் சாட்சி தம்பி. எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுப்பேன். நம்ப மாட்டீங்கன்னா ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. நீங்களும் கேளுங்க, உங்களுக்கும்தான்.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— வாங்கறவருக்கு வண்டியோட கதை தெரிய வேண்டாமா? எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா தம்பி. பாப்பான்னுதான் கூப்பிடுவோம். ஸ்கூல்ல சேக்கற வயசு. காலையிலேர்ந்து காய்ச்சல், சாயங்காலம் உடம்பு கொதிக்குது, கண்ணு மேல சொருகுது. வெளியில மழை. டாக்ஸிக்குப் போன் பண்ணேன், வர்றேன்னான், வரல. இவர்கிட்ட வந்து நின்னேன். இதே ஷெட்டுலதான். வண்டியை எடுங்கன்னேன். என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காங்க?

— இருக்கு. அடியில சேறு ஏறினா எடுக்கவே முடியாதுன்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்? ஓரத்து மடிப்புக்குள்ள தண்ணி போய் நின்னுடும். வெளியில தெரியாது. உள்ளயே அரிச்சுக்கிட்டு வரும். உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— பாருங்க தம்பி, எவ்வளவு நல்ல ஞாபகம். அப்புறம் என்ன ஆச்சுன்னா, நான் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டேன். குடை காத்துல நிக்கல. வண்டி மேல போத்தியிருந்த உறையை உருவி அவளைச் சுத்திக்கிட்டு நடக்க ஆரம்பிச்சேன். தெரு முனை திரும்பறதுக்குள்ள பின்னாடி காலடிச் சத்தம். திரும்பினா, இவர் ஓடி வர்றார். நனைஞ்சுக்கிட்டே ஓடி வர்றார். எனக்கு அப்படியே உசுரு வந்துச்சு. மனசு கேக்கல போலிருக்கு, பாப்பாவை வாங்கிக்கத்தான் வர்றார்னு ரெண்டு கையாலயும் அவளை நீட்டிக்கிட்டு நின்னேன்.

— வாங்கிக்கிட்டாரா மேடம்?

— உறையை வாங்கிக்கிட்டார்.

— அது சாதாரண உறை இல்ல மிஸ்டர். இவ சொல்றதைப் பாத்தா நான் என்னவோ கொடுமை பண்ணிட்ட மாதிரி இருக்கும். வண்டியோட கப்பல்ல வந்தது. உள்பக்கம் பூனை வயிறு மாதிரி மெத்துனு இருக்கும். ஈரமாச்சுன்னா பூஞ்சை பிடிச்சிடும். இந்த ஊர்ல எங்க தேடினாலும் கிடைக்காது.

— ஆஸ்பத்திரி போய்ச் சேந்தப்ப பாப்பா என் தோள்ல கனத்துப் போயிருந்தா. நர்ஸ் வாங்கிப் பாத்துட்டு, எப்பலேர்ந்து இப்படி இருக்குன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? நடந்துக்கிட்டே இருந்தேன்.

— மேடம், போதும் மேடம்.

— இருங்க தம்பி. என்னங்க, கதையைக் கேட்டீங்கல்ல? உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னு தோணுதா? என்ன வேணும்னாலும் கேளுங்க. பதில் சொல்றேன்.

— கேக்கணும்.

— கேளுங்க.

— அந்த உறை எங்க? வண்டி மேல காணோமே? விக்கறதுன்னா அதையும் சேத்துத்தான் குடுக்கணும். உறை இல்லாமக் குடுத்தா செட்டு குறைஞ்ச மாதிரி.

— அலமாரியில மடிச்சு வச்சிருக்கேங்க. பத்திரமா இருக்கு. ஆக, விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க.

— நான் எங்க சொன்னேன்? உறையைப் பத்திக் கேட்டேன்.

— விக்கறதுன்னா குடுக்கணும்னு இப்பத்தானே சொன்னீங்க? ஒரு நிமிஷம்கூட ஆகல. தம்பி, நீங்களும் கேட்டீங்கல்ல?

— கேட்டேன் மேடம்.

— இதுவும் மறந்து போச்சுன்னா நான் என்னங்க பண்றது? பயமா இருக்கு. ராத்திரியில கேஸைத் தொறந்து விட்டுட்டு மறந்துட்டீங்கன்னா? டாக்டர் சொன்ன ஹோம் ஒண்ணும் மோசமில்ல. ஒரு ரூமுக்கு நாலு பேர். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. வண்டியைத்தான் கொண்டு போக முடியாது, மத்தபடி எல்லா வசதியும் இருக்கு. இப்பவே போன் பண்ணட்டுமா?

— வேண்டாம்.

— அப்ப ஞாபகம் இருக்கா?

— இருக்கு. சொன்னேன். நேத்தும் சொன்னேன், இப்பவும் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையை மாத்தினதில்ல.

— சார், அப்ப மேடம்கிட்டப் பேசின விலைக்கே முடிச்சுக்கலாமா? எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பழைய வண்டியை வாங்கறப்ப சாவியை நாங்களா எடுத்துக்க மாட்டோம். ஓனரே தன் கையால எங்க கையில வைக்கணும். இந்த வண்டி இனிமே உங்களுதுன்னு வாயாலயும் சொல்லணும். அப்பத்தான் வண்டி எங்களுக்கு ஒத்துப் போகும்.

— சட்டைப் பாக்கெட்லதாங்க இருக்கு சாவி. தூங்கறப்பக்கூட அங்கதான் இருக்கும். எடுங்க.

— எடுக்கறேன். அவசரப்படுத்தாதே. மிஸ்டர், ஒரு விஷயம். காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. சாவி ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் இருக்கும், அதைத் திருப்பிட்டுக் காத்திருக்கணும். எஞ்சினுக்கு ஆயில் ஏற நேரம் குடுக்கணும். உடனே முறுக்கினா தேஞ்சிடும். செய்வீங்களா?

— பாக்கறேன் சார். டிரைவர் பசங்கதான் எடுப்பாங்க. அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியாது.

— சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க. கண்ணாடியை வேஷ்டித் துணியால துடைக்கச் சொல்லுங்க, பேப்பர் போடக் கூடாது. அப்புறம்... இந்தாங்க.

— வாயால சொல்லலையேங்க.

— இந்த வண்டி... இனிமே உங்களுது.

— நன்றி சார்.

— ஏய், கடைசியா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுக்கறேன். எடுத்துட்டுப் போயிட்டா அப்புறம் எங்க கேக்கப் போறேன்.

— வித்த வண்டிங்க. என்கிட்டக் கேட்டு என்ன பிரயோஜனம்? ஓனரைக் கேளுங்க.

— மிஸ்டர்... தம்பி... ஒரு நிமிஷம் உக்காந்துக்கட்டுமா? செருப்பைக் கழட்டிட்டுத்தான் உக்காருவேன்.

— தம்பி, உங்களைத்தான் கேக்கறார். சொல்லுங்க.

— சாரி சார். முடியாது. பெட்ரோல் இனிமே என் கணக்கு.

— ஆமா. ஆமா, சரிதான். உங்க வண்டி.

— உள்ள போய் உக்காருங்க. பிளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்திக் குடிங்க. சுவத்தைப் பிடிச்சிட்டுப் போங்க. படி இருக்கு, பாத்து. போயிட்டீங்களா? கதவைச் சாத்திக்குங்க.

— போயிட்டார் மேடம்.

— என்ன தம்பி, சாவியை அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?

— உங்ககிட்டக் குடுத்துடட்டுமா மேடம்?

— வச்சிருங்க. டீயைக் குடிச்சதும் கண்ணசந்துடுவார், நானே பாக்கெட்ல போட்டுடறேன். எந்திரிச்சா முதல்ல அங்கதான் கை போகும். ஆமா, இன்னிக்கு உங்களுக்குச் சுரத்தே இல்லையே? போன வாரம் அந்தக் கூரை மேல ஏறி நிக்கற கட்டத்தை எவ்வளவு நல்லா இழுத்தீங்க! இன்னிக்கு ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு.

— மேடம், நான் கார் வாங்கற ஆளு. நடிக்கற ஆளு இல்ல.

— வாங்கறதுக்குத்தானே நடிக்கறீங்க.

— அந்தக் கொக்கியில கை தானாப் போயிடுச்சு. மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன்.

— மாட்டவே மாட்டீங்க. தெரியலன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. செத்தாலும் வராது. அதை வச்சுத்தானே ஓட்டிக்கிட்டிருக்கோம்.

— போன வாரம் தரையில உக்காந்து அழுதார். அதுக்கு முந்தின வாரம் என்னை ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு அடிக்க வந்தார். இன்னிக்குத் தம்பின்னு கூப்பிட்டுட்டார் மேடம். என்னை அவர் தம்பின்னு கூப்பிட்டதே இல்ல. ஒவ்வொரு தடவையும் அவருக்கு இதுதான் முதல் தடவை. வித்துட்டுப் போய்ப் படுக்கறார், எந்திரிக்கறார், மறுபடி வண்டி அவருது. எனக்கு வீட்டுக்குப் போனா சோறு இறங்கல. நிஜமாவே வித்துடுங்களேன். ஒரு தடவை அழுதுட்டு முடிஞ்சிடும்.

— ஒரு தடவை போதாது தம்பி. அவரு தூங்கி எந்திரிச்சா புதுசாயிடறார். எனக்கு அந்த வசதி இல்ல. எத்தனை வருஷமாச்சு, இன்னும் ஈரத்தோடயே நடந்துக்கிட்டிருக்கேன்.

— என்னதான் வேணும் உங்களுக்கு?

— முதல் நாளே சொன்னேனே. பாப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அவர் வாயால ஒரு தடவை கேக்கணும். அன்னிக்குக் கேக்கல. புதைச்சுட்டு வந்தப்பவும் கேக்கல, நேரா ஷெட்டுக்குப் போய் உறை காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பாத்தார். அதுக்கப்புறம் இந்த வீட்ல அந்தப் பேச்சே கிடையாது. அதான் வாராவாரம் முழுக் கதையையும் அவர் முன்னாடி வைக்கறேன். கேளுங்க, கேளுங்கன்னு வாயைப் பிடுங்கறேன். உறையைக் கேக்கறார். போன வாரம் குடையைக் கேட்டார், எந்தக் குடைன்னு.

— கேட்டுட்டா?

— கேட்டுட்டா அன்னிக்கோட நிறுத்திடறேன். வண்டி உங்களுக்கு. நான் சொன்ன விலைதான், அதுக்கு மேல பைசா கேக்க மாட்டேன். அவரையும் கடைசி வரைக்கும் நானே வச்சுப் பாத்துக்கறேன். எந்த ஹோமுக்கும் அனுப்ப மாட்டேன். இதுதானே நம்ம பேச்சு?

— அவரால முடியாது மேடம். அவருக்கு அது உள்ளயே இல்ல.

— அப்ப அடுத்த வாரமும் வாங்க. கூரை மேல மழை விழுது, கேக்குதா? கொஞ்சம் நின்னுட்டுப் போங்க, நனைஞ்சிடுவீங்க.

— ஏய்! எங்க இருக்கே? ஏய்!

— மேடம், எந்திரிச்சு வர்றார். மழையில நனைஞ்சுக்கிட்டே வர்றார்.

— என்னங்க, உள்ள போங்க. சட்டையெல்லாம் தொப்பலாயிடுச்சு.

— சட்டை கிடக்கட்டும். பாப்பா எங்க? உன்னைத்தான் கேக்கறேன். உடம்பு கொதிக்குதுன்னு சொன்னியே. கட்டில்ல பாத்தேன், காணோம். எங்க படுக்க வச்சிருக்கே? பாப்பாவுக்கு என்ன ஆச்சு?

— மேடம். கேட்டுட்டார் மேடம்.

— இவரு யாரு? டாக்டரா?

— இல்ல சார். நான் டாக்டர் இல்ல.

— அப்ப வழியை விடுங்க. வண்டியை வெளிய எடுக்கணும்.

— மழை பெய்யுதுங்க.

— பேஞ்சா பேஞ்சுட்டுப் போகுது! நனைஞ்சா தொடைச்சுக்கலாம். வண்டியாடி இப்ப முக்கியம்? நீ ஓடிப்போய் அவளைத் தூக்கிட்டு வா, உறையை எடுத்து நல்லாச் சுத்து, காத்துப் படக்கூடாது. முன் சீட்ல மடியில வச்சுக்கோ. சாவி... பாக்கெட்ல இருந்த சாவி எங்க? இங்கதானே வச்சிருந்தேன்!

— சார், சாவி என்கிட்டத்தான் இருக்கு. மேடம், குடுத்துடறேன் மேடம். நீங்க கேக்கணும்னு சொன்ன வார்த்தையைக் கேட்டுட்டார். பாக்கெட் பாக்கெட்டாத் தேடறார் பாருங்க. போதும், முடிச்சுக்கலாம்.

— கையை மூடுங்க தம்பி.

— என்னடி மரம் மாதிரி நிக்கறே? குழந்தைக்குக் கண்ணு சொருகுதுன்னு நீதானே சொன்னே! கார் சாவியைக் குடு!

— இது இவரு காருங்க. இப்பத்தான் உங்க கையால வித்தீங்க. பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நடங்க.